சைனீஸ் நல்லதா, பர்கர் நல்லதா? விம்கோ நகர் குழுக் கூட்டத்தில் எழுந்த கேள்வி



போன மாதம் சொந்த வேலையாக விம்கோ நகர் போயிருந்தேன். சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் இருக்கிற ஊர் அது. அங்கே இருந்த தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரே ஊருக்கும் பெயராகிவிட்டது. 2021-ல் மெட்ரோ ரயிலும் அங்கே வரை வந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டேஷன் பக்கம் போனால் வேலை விட்டு வருகிற கூட்டம். அந்தக் கூட்டத்தை நம்பி வரிசையாகத் தள்ளுவண்டிகள்.

என் நாத்தனார் அங்கே ஒரு மகளிர் குழுவில் உறுப்பினர். "அண்ணி, வந்ததும் வந்தீங்க, எங்க கூட்டத்துல வந்து உக்காருங்க"ன்னு கூட்டிப் போனாங்க. சேமிப்பு வசூல், கடன் தவணை எல்லாம் முடிந்த பிறகு முக்கியமான பேச்சு ஆரம்பித்தது. குழுவிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து சாயங்காலக் கடை போடப் போறாங்க. அதற்குக் கடன் வேண்டும். என்ன விற்பது என்பதில்தான் சண்டை.

ஒரு தங்கை சொன்னாங்க: "பாஸ்ட் புட் போடலாங்க்கா. பிரைடு ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன். பசங்க அதைத்தான் கேக்குதுங்க. சைனீஸ்ல காய் நெறைய போடறாங்க, சத்தும் இருக்குது. பர்கர், பப்ஸ் மாதிரி கெட்டது இல்ல."

இன்னொருத்தர்: "பிரெட், பர்கர், சாண்ட்விச் போட்டா அடுப்பு வேலை கம்மி. வெள்ளைக்காரன் அதைத் தின்னுட்டுத்தானே அவ்ளோ பெருசா இருக்கான்?"

மூலையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருத்தர், "எனக்கு பிரஷர், என் மருமவளுக்கு ரத்தம் இல்லைன்னு ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்திருக்காங்க. பேரன் வூட்டு சோத்தை தொடமாட்டேங்கிறான். நாமளே அந்தக் கடையைப் போட்டு இன்னொருத்தர் வூட்டுப் புள்ளைக்கும் அதையே குடுக்கணுமா?" என்று கேட்டாங்க. கூட்டமே அமைதியாகிவிட்டது.

ஊக்குநர் அக்கா என் பக்கம் திரும்பி, "கூட்டமைப்புப் பத்திரிகையில எழுதறவங்க நீங்க. சைனீஸ் நல்லதா, மேல்நாட்டுச் சாப்பாடு நல்லதா? நீங்களே சொல்லுங்க"ன்னாங்க. எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. "அடுத்த கூட்டத்துக்குள்ள படிச்சுட்டு வந்து சொல்றேன்க்கா" என்று வந்துவிட்டேன். படித்ததையும், அடுத்த கூட்டத்தில் பேசியதையும் உங்களுக்கும் சொல்கிறேன். இந்தக் கேள்வி விம்கோ நகருக்கு மட்டுமான கேள்வி இல்லை. இன்றைக்கு நம்ம கிராமத்துக் கூட்டு ரோட்டிலும் பாஸ்ட் புட் வண்டி நிற்கிறது.

சீனாக்காரங்க வீட்டில் என்ன சாப்பிடறாங்க?

முதலில் ஒன்றைப் புரிஞ்சுக்கணும். சீனா மிகப் பெரிய நாடு. தெற்கே அரிசி விளையும், வடக்கே கோதுமை விளையும். அதனால் தெற்கில் சோறு, வடக்கில் நூடுல்ஸும், ஆவியில் வேகவைத்த கோதுமை உருண்டையும் முக்கியச் சாப்பாடு. ஆனால் பொதுவாகச் சில பழக்கங்கள் உண்டு.

சோற்றோடு நிறைய காய், கீரை. முட்டைக்கோஸ், முள்ளங்கி, வெங்காயத்தாள், காளான் எல்லாம் சாப்பிடுவாங்க. சோயா பயறை அரைத்துப் பால் எடுத்து, அதைத் திரித்துப் பனீர் மாதிரி கட்டியாக்கிச் சாப்பிடுவாங்க. அதற்கு டோஃபு என்று பெயர். மீன், கறி எல்லாம் உண்டு. ஆனால் பழைய கிராமத்துச் சமையலில் கறி என்பது காயோடு கொஞ்சமாகச் சேர்க்கிற பொருள்தான். ஆவியில் வேகவைப்பதும், சூப் வைப்பதும் தினசரிப் பழக்கம்.

எண்ணெயில் வதக்குவதும் உண்டு. ஆனால் பெரிய தீயில், இரண்டு மூன்று நிமிடத்தில் வதக்கி எடுத்துவிடுவாங்க. காய் குழையாது. அதற்குக் குழிவான இரும்புச் சட்டி. நம்ம வீட்டு வாணலியைப் பாட்டிமார்கள் 'சீனாச்சட்டி' என்று சொல்வாங்களே, பெயரிலேயே உறவு இருக்கு பாருங்க.

மேல்நாட்டில் என்ன சாப்பிடறாங்க?

மேல்நாடு என்றாலும் ஒன்று இல்லை. இத்தாலி, கிரீஸ் பக்கம் கடலோரத்தில் இருக்கிறவங்க காய், பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் என்று சாப்பிடுவாங்க. அது இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்றாங்க. ஆனால் நம்ம ஊருக்கு வந்து சேர்ந்தது அந்தச் சாப்பாடு இல்லை. அமெரிக்காவில் பெருகின அவசரச் சாப்பாடுதான் வந்தது. மைதா ரொட்டி, எண்ணெயில் பொரித்த கறி, சீஸ், உருளைக்கிழங்கு வறுவல், கூடவே ஒரு பாட்டில் கலர். இதில் கொழுப்பும் சர்க்கரையும் அதிகம், நார்ச்சத்து குறைவு. வயிறு சீக்கிரம் நிறையாது. அதனால் அளவு தெரியாமல் உள்ளே போகும்.

65 மாவட்டங்களில் எடுத்த கணக்கு

இரண்டையும் ஒப்பிட்டுப் பெரிய ஆய்வு ஒன்று நடந்திருக்கு. சீனாவில் 1970-களில் நாடு முழுக்க எந்த ஊரில் எந்தப் புற்றுநோய் அதிகம் என்று கணக்கெடுத்தாங்க. பக்கத்துப் பக்கத்து மாவட்டத்திலேயே பெரிய வித்தியாசம் இருந்தது. இதற்குச் சாப்பாடு காரணமா என்று பார்க்க, 1983-ல் தொடங்கி 65 கிராமப்புற மாவட்டங்களில், சுமார் 6,500 பேரிடம் ரத்தம் எடுத்து, என்ன சாப்பிடறாங்க என்று அளந்தாங்க. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம், சீன அரசின் மருத்துவ நிறுவனம் மூன்றும் சேர்ந்து செய்த வேலை. அதில் இருந்த டாக்டர் காலின் கேம்பெல் 2005-ல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

அந்தக் கணக்கில் தெரிந்தது இது:

* அன்றைய சீனக் கிராமத்தில் சாப்பாட்டின் சக்தியில் நூற்றுக்கு சுமார் 15 பங்குதான் கொழுப்பிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 35 பங்குக்கு மேல்.
* நார்ச்சத்து சீனாவில் ஒரு நாளைக்கு சுமார் 33 கிராம். அமெரிக்காவில் சுமார் 12 கிராம்.
* ரத்தக் கொலஸ்டிரால் சீனாவில் சராசரியாக 127. அமெரிக்காவில் 200-க்கு மேல்.

மாரடைப்பால் இறக்கிறவங்களும் அந்தக் கிராமங்களில் மிகக் குறைவு. இதைப் பார்த்து, "சைனீஸ்தான் நல்லது, விடுங்க" என்று முடிவு செய்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. இரண்டு விஷயம் யோசிக்கணும்.

ஒன்று, அந்த ஜனங்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வயலில் உழைத்தவங்க. எங்கே போனாலும் நடை, இல்லாவிட்டால் சைக்கிள். உடம்பு நல்லா இருந்ததற்குச் சாப்பாடு மட்டும் காரணமா, உழைப்பும் காரணமா என்று இந்த மாதிரிக் கணக்கில் பிரித்துச் சொல்ல முடியாது. மற்ற விஞ்ஞானிகளும் இதைச் சொல்லிக் காட்டியிருக்காங்க.

இரண்டு, அந்தச் சீனா இன்றைக்கு இல்லை. வருமானம் வந்தது, கறி, எண்ணெய், பொட்டலத் தின்பண்டம் எல்லாம் ஏறியது, உழைப்பு குறைந்தது. 2020 டிசம்பரில் சீன அரசே வெளியிட்ட அறிக்கையில், பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அதிக எடையோடு இருக்காங்க என்று சொன்னது. சர்க்கரை நோயும் பெருகிவிட்டது. அதே ஜாதி அரிசி, அதே சட்டி. தட்டில் எதற்கு எவ்வளவு இடம் என்பது மாறியது, உடம்பும் மாறியது.

சீனச் சாப்பாட்டிலும் ஒரு பெரிய குறை உண்டு

அது உப்பு. சோயா சாஸ், ஊறுகாய்க் காய், உப்பிட்ட மீன் என்று எல்லாவற்றிலும் உப்பு. ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு 5 கிராம் உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது சமமாக வழித்த ஒரு சின்ன டீஸ்பூன். சீனாவில் ஒருத்தர் சாப்பிடுவது கிட்டத்தட்ட அதைப் போல இரண்டு மடங்கு. அங்கே பக்கவாதம் வந்து இறக்கிறவங்க மிக அதிகம். உப்பும் ரத்த அழுத்தமும் அதற்குப் பெரிய காரணம்.

இதில் நமக்குப் பயன்படுகிற இரண்டு சேதி இருக்கு.

வடசீனாவில் 600 கிராமங்களில், சுமார் 21,000 பேரை வைத்து ஒரு சோதனை செய்தாங்க. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவங்க, அல்லது வயதாகி ரத்த அழுத்தம் இருக்கிறவங்க. பாதி கிராமங்களில் வழக்கமான உப்பு. மீதி கிராமங்களில் நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் உப்பு கலந்த உப்பு. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால், கலந்த உப்பு சாப்பிட்ட கிராமங்களில் பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்திருந்தது. 2021-ல் இது வெளியானது. வேறு எதையும் மாற்றவில்லை, உப்பை மட்டும் மாற்றினாங்க. (ஒரு எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களும், சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்களும் இந்த உப்பை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.)

அடுத்த வருஷம், 2022-ல், இன்னொரு சோதனை முடிவு வந்தது. பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு என்று நாலு ஊரில் 265 பேர், எல்லாரும் ரத்த அழுத்தம் உள்ளவங்க. அவரவர் ஊர் ருசியிலேயே, உப்பையும் எண்ணெயையும் குறைத்து, காய், பழம், பயறு, முழுத்தானியம் கூட்டிச் சமைத்துக் கொடுத்தாங்க. 28 நாளில், மற்றவங்களைவிட மேல் அழுத்தம் 10 புள்ளி அதிகமாக இறங்கியது. நம்ம விம்கோ நகர் பெரியம்மா இதைக் கேட்டதும், "மாத்திரை போட்டாத்தான் எனக்கு அவ்ளோ எறங்கும்!" என்றாங்க. உண்மைதான் பெரியம்மா, ஆனா மாத்திரையை நிறுத்திடாதீங்க என்று சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். சாப்பாட்டை மாற்றுங்க, மாத்திரையை டாக்டர் மாற்றட்டும்.

நாம மட்டும் என்ன ஒழுங்கா? 2023-ல் வெளியான ஒரு கணக்குப்படி இந்தியாவிலும் ஒருத்தர் நாளைக்கு சுமார் 8 கிராம் உப்பு சாப்பிடறோம். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மிக்சர், சோற்றுக்குப் போடுகிற கல் உப்பு எல்லாம் சேர்த்து.

மேல்நாட்டுக்காரங்ககிட்ட கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லையா?

இருக்கு. பால், தயிர் அவங்க தினசரிச் சாப்பாடு. அதனால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கிறது. பழைய சீனச் சாப்பாட்டில் பால் மிகக் குறைவு. இப்போது சீன அரசே ஜனங்களைப் பார்த்து "தினமும் பால் குடிங்க" என்கிறது. பழத்தைப் பழமாகவே கடித்துச் சாப்பிடுவதும், முழுக்கோதுமை ரொட்டியும் மேல்நாட்டில் உள்ள நல்ல பழக்கங்கள்தான். முழுக்கோதுமை மாவு 100 கிராமில் நார்ச்சத்து சுமார் 11 கிராம் உண்டு. அதே கோதுமையைத் தவிடு நீக்கி மைதாவாக்கினால் 3 கிராம்கூட மிஞ்சாது.

சரி, நம்ம தெரு வண்டியில் விற்பது எது?

இங்கேதான் சகோதரிகளே விஷயமே இருக்கு. வண்டியில் விற்பது சீனச் சாப்பாடே இல்லை! கோபி மஞ்சூரியன் என்று சீனாவில் போய்க் கேட்டால் யாருக்கும் தெரியாது. 1975-ல் பம்பாயில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர், கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிக்காரர், கோழியைப் பொரித்து, நம்ம இஞ்சி பூண்டு பச்சைமிளகாயோடு சோயா சாஸையும் சோளமாவையும் சேர்த்துச் செய்ததுதான் மஞ்சூரியன் என்று சொல்றாங்க. கோழிக்குப் பதில் காலிபிளவர் போட்டால் கோபி.

காலிபிளவர் நல்ல காய்தான். ஆனால் மைதாவிலும் சோளமாவிலும் முக்கி எண்ணெயில் முழுகப் பொரித்த பிறகு அது காயாக இருக்குமா? அதுவும் காலையில் ஊற்றிய எண்ணெயை ராத்திரி வரை காய்ச்சினால் உடம்புக்குக் கெடுதல். அப்புறம் அந்தச் சிவப்பு. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. அதற்கு ஒரு மாதம் முன்னால் நம்ம தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயில் துணிச்சாயம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்துத் தடை செய்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அஜினோமோட்டோ பற்றியும் கூட்டத்தில் கேட்டாங்க. "அது விஷமாமே?" என்று. விஷம் இல்லை. 1908-ல் ஜப்பானில் இகேடா என்ற விஞ்ஞானி கடற்பாசிச் சாற்றிலிருந்து கண்டுபிடித்த ருசி அது. தக்காளியிலும் இயற்கையாக இருக்கிற பொருள்தான். 1968-ல் அமெரிக்காவில் ஒரு டாக்டர், சீன ஓட்டலில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது என்று மருத்துவப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து கிளம்பிய பயம். பிறகு செய்த சோதனைகளில் சாதாரண அளவில் பெரிய கெடுதல் தெரியவில்லை. ஆனால் ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு வேண்டாம். இன்னொன்று, சுமாரான சாப்பாட்டையும் அது ருசியாக்கிவிடும். அதனால் பிள்ளைகளுக்கு வீட்டு ரசம் சப்பென்று போய்விடும். பெரியம்மாவின் பேரன் கதை அதுதான். உண்மையான எதிரி அஜினோமோட்டோவைவிட, கூடவே கொட்டுகிற உப்பும் சாஸும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் மட்டும் 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கு. அரை நாள் உப்பு ஒரே கரண்டியில்!

ஆகவே சைனீஸா மேல்நாடா என்ற கேள்விக்கு என் பதில்: வண்டியில் கிடைக்கிற 'சைனீஸ்', பேக்கரியில் கிடைக்கிற 'மேல்நாடு' இரண்டுமே ஒரே மூட்டைதான். மைதா அல்லது வெள்ளை அரிசி, எண்ணெய், உப்பு. பெயர்தான் வேறு. வீட்டில் சமைக்கிற பழைய சீனச் சாப்பாடு நல்லது, உப்பைக் குறைத்தால்.

வடசென்னையின் சொந்த நூடுல்ஸ்

இதைச் சொன்னதும் பாஸ்ட் புட் தங்கைக்கு முகம் வாடிவிட்டது. "அப்போ எதைத்தான்க்கா விக்கறது?" என்றாங்க. அதற்குப் பதில் அந்த ஊரிலேயே இருந்தது. அத்தோ!

கிராமத்துச் சகோதரிகளுக்கு அத்தோ தெரியாமல் இருக்கலாம். பர்மாவில் நம்ம தமிழ் ஜனங்கள் லட்சக்கணக்கில் இருந்தாங்க. 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் கடை, மில் எல்லாவற்றையும் அரசு எடுத்துக்கொண்டது. கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்தவங்களில் பலர் வடசென்னையில் குடியேறினாங்க. கடற்கரை ஸ்டேஷன் எதிரில் பர்மா பஜார் வந்தது அவங்களால்தான். அவங்க கூடவே வந்தது அத்தோ, மொய்ங்கா, பேஜோ. பர்மா சீனாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவில் இருக்கிற நாடு. அதனால் நூடுல்ஸ் சீனாக்காரங்களுடையது, புளியும் மிளகாயும் வெங்காயமும் நம்முடையது.

அத்தோவில் நூடுல்ஸை எண்ணெயில் வறுப்பது இல்லை. வேகவைத்து ஆறவைத்த நூடுல்ஸில் மெலிசாக அரிந்த கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்பாங்க. கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப். அதுதான் மொய்ங்கா. அவித்த முட்டையைப் பிளந்து உள்ளே வறுத்த வெங்காயமும் புளியும் வைத்துக் கொடுப்பதும் உண்டு. யோசித்துப் பாருங்க: காய் இருக்கு, முட்டை இருக்கு, வாழைத்தண்டில் நார்ச்சத்து இருக்கு, சோயா சாஸ் தேவையே இல்லை. மைதா நூடுல்ஸை மட்டும் மாற்றிவிட்டால்?

நமக்கு என்ன குறை, அதைப் பாருங்க

எந்த நாட்டுச் சாப்பாடு என்பதைவிட, நம்ம உடம்பில் என்ன குறை என்று பார்க்கணும். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை. ஒரே வீட்டில் மாமியாருக்கு எடை, மருமகளுக்கு ரத்தசோகை. சில சமயம் ஒரே ஆளுக்கே இரண்டும். 2023-ல் வெளியான இன்னொரு கணக்கு, இந்தியாவில் 10 கோடி பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்கிறது. வயிறு நிறையுது, சத்து நிறையலை. அதுதான் அர்த்தம்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிற தட்டு இது. பாதித் தட்டு காய், கீரை, பழம். மீதிப் பாதியில் சோறு அல்லது சப்பாத்தி, பருப்பு, முட்டை, மீன். கூட ஒரு கிண்ணம் தயிர் அல்லது பால். ஒருத்தருக்கு நாளைக்கு 400 கிராம் காய், 85 கிராம் பருப்பு வகை. நம்ம தட்டில் பாதி என்ன, முக்கால் தட்டும் சோறுதானே?

விலை கூடுமே என்று நினைக்காதீங்க. கேழ்வரகு 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 364 மில்லி கிராம். வெள்ளை அரிசியில் 10 கூட இல்லை. கொல்லையில் நிற்கிற முருங்கைக் கீரைக்குக் காசு இல்லை. எண்ணூர், காசிமேடு பக்கம் நெத்திலி, மத்தி மலிவாகக் கிடைக்கும். முள்ளோடு சாப்பிடுகிற சின்ன மீனில் சுண்ணாம்பும் நல்ல கொழுப்பும் உண்டு. கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கங்க, இரும்புச் சத்து உடம்பில் நல்லா ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீங்க, அது இரும்புச் சத்தைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

செய்து பாருங்க: கேழ்வரகு இடியாப்ப அத்தோ (4 பேருக்கு)

தேவையானவை: கேழ்வரகு மாவு 1 கப், அரிசி மாவு 1 கப், முட்டைக்கோஸ் மெலிசாக அரிந்தது 2 கப், கேரட் 2, வெங்காயம் 3, பூண்டு 10 பல், வறுத்த வேர்க்கடலை 1 கைப்பிடி, பொட்டுக்கடலை மாவு 3 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய்த் தூள் 1 டீஸ்பூன், புளி சின்ன எலுமிச்சை அளவு, முட்டை 4, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு முக்கால் டீஸ்பூன், கொத்தமல்லி, எலுமிச்சம்பழம் 1.

செய்முறை: இரண்டு மாவையும் கலந்து வெந்நீர் விட்டுப் பிசைந்து இடியாப்பமாகப் பிழிந்து ஆவியில் வேகவையுங்க. ஆறியதும் உதிர்த்துவிடுங்க. கோஸைக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு வடிகட்டுங்க. பச்சையாகப் போடுவதைவிட இது பாதுகாப்பு. எண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் பொன்னிறமாக வதக்குங்க. புளியைக் கெட்டியாகக் கரைங்க. அகலமான பாத்திரத்தில் எல்லாவற்றையும் போட்டு, வேர்க்கடலையை ஒன்றிரண்டாக இடித்துச் சேர்த்து, கை கழுவிவிட்டுக் கையாலேயே பிசையுங்க. அவித்த முட்டையை மேலே வைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுங்க.

சூப்புக்கு: வாழைத்தண்டைப் பொடியாக நறுக்கி மோரில் போட்டு நார் எடுங்க. வெங்காயம், இஞ்சி, பூண்டு, மஞ்சள்தூள் சேர்த்து வேகவைத்து, வறுத்த கடலைமாவு 2 ஸ்பூன் கரைத்து விட்டு, மிளகுத்தூள் போட்டு இறக்குங்க. உப்பு அரை டீஸ்பூன் போதும்.

கூட்டத்தில் என்ன முடிவாச்சு?

இரண்டாவது கூட்டத்தில் இதைச் செய்து வைத்தோம். பெரியம்மாவின் பேரனும் வந்திருந்தான். "இது கறுப்பா இருக்குது"ன்னு மூஞ்சியைச் சுளித்தான். முட்டையை முதலில் தின்றான், அப்புறம் இடியாப்பத்தில் பாதி. முழுசா சாப்பிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சூப்பை இரண்டு தடவை கேட்டு வாங்கினான்.

குழு தீர்மானம் இது: கடையில் அத்தோ, மொய்ங்கா சூப், முட்டை. வாரத்தில் இரண்டு நாள் சுண்டல். பழகிய வாடிக்கையாளருக்காக வழக்கமான நூடுல்ஸும் வைப்பாங்க, பாதி காய், பாதி நூடுல்ஸ் என்ற கணக்கில். கலர்ப்பொடி கிடையாது. ஒருமுறை பொரித்த எண்ணெயில் மறுநாள் பொரிப்பது கிடையாது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகுதான் அடுப்பு பற்ற வைப்பது. பாஸ்ட் புட் கேட்ட தங்கைதான் கடைப் பொறுப்பு. "விக்கலைன்னா என்னைக் கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாங்க. பெரியம்மா உடனே, "விக்கலைன்னா நானே தெனம் ரெண்டு பிளேட்டு வாங்கறேன்டி"ன்னு சொன்னதும் எல்லாரும் சிரிச்சுட்டோம். கடனுக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க.

உங்கள் குழுவில் இதைச் செய்யுங்க

சீன அரசு தன் ஜனங்களுக்கு ஒரு எளிய கணக்கு சொல்லியிருக்கு. ஒரு நாளைக்கு 12 விதப் பொருள், ஒரு வாரத்துக்கு 25 விதப் பொருள் சாப்பிடணும். எண்ணெயும் உப்பும் மசாலாவும் கணக்கில் சேராது. அரிசி ஒன்று, துவரம்பருப்பு ஒன்று, முருங்கைக்கீரை ஒன்று என்று எண்ணணும். அடுத்த கூட்டத்தில் சேமிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொருத்தரும் போன வாரம் சாப்பிட்டதை எண்ணி எழுதுங்க. விம்கோ நகரில் எண்ணினோம். பலருக்கு 14, 15-ல் நின்றுவிட்டது. எனக்கு 17. எழுதுகிறவளுக்கே அவ்வளவுதான்!

அதோடு வீட்டில் ஒரு மாதத்துக்கு எவ்வளவு உப்பு வாங்கறோம் என்றும் பாருங்க. நாலு பேர் உள்ள வீட்டில், நாளைக்கு 5 கிராம் கணக்கில், மாதத்துக்கு 600 கிராம்தான் வரணும். அதற்கு மேல் போனால் எங்கே போகிறது என்று தேடுங்க.

ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்க. கூடியிருந்தால் கூட்டமைப்புக்கு ஒரு கார்டு போடுங்க. அடுத்த இதழில் உங்கள் குழுவின் கணக்கையும் போடுவோம்.